நல்ல பிஸ்டல் எது? இலக்கு அட்டைக்கும் போர்க்களத்துக்கும் இடையில் ஒரு கருவி

2024 யூலைக் கடைசியில் எங்கட வட்ஸ்அப் குழுக்கள் எல்லாத்திலயும் ஒரே படம்தான் ஓடினது. பரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியைச் சேர்ந்த யூசுப் டிகெச், ஒரு கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோட, சந்தைக்கு வந்த மனுசன் மாதிரி நின்று சுடுகிற படம். 10 மீற்றர் எயார் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் அவரும் ஷெவ்வல் இலைடா தர்ஹானும் வெள்ளிப் பதக்கம் எடுத்தார்கள். மீம்ஸ்காரர்களுக்குப் பதக்கம் முக்கியமில்லை. "துருக்கி கூலிக்கு ஆள் சுடுறவனை அனுப்பிப்போட்டுது" என்பதுதான் பகிடி. நானும் சிரிச்சன், நாலு பேருக்கு அனுப்பினன்.

அம்மா போனை எட்டிப் பார்த்தா. "உதென்ன, துவக்கோட நிக்கிற ஆளைப் பாத்துச் சிரிக்கிறாய்?" என்று கேட்டா. அது விளையாட்டு அம்மா, ஒலிம்பிக் என்று சொன்னேன். "துவக்கில என்ன விளையாட்டு" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

இது சும்மா கேட்ட கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால் யோசித்தால், என் மீம்ஸும் அம்மாவும் சொன்னது ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அந்தப் படத்தில் தெரிந்தது விளையாட்டு வீரர் இல்லை, சுடுகிற ஆள். அப்படியென்றால் இலக்குச் சூடு என்ற இந்த விளையாட்டு, தன் கையில் இருக்கிற சாமானை ஆயுதம் என்ற இடத்திலிருந்து எப்போதாவது பிரித்து எடுத்ததா? இதைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது திரும்பத் திரும்ப ஒரு கேள்வியில் வந்து நின்றேன். குறி தப்பாமல் சுட எந்தப் பிஸ்டலை எடுப்பது? பார்க்கக் கடையில் கேட்கிற கேள்வி போல இருக்கும். ஆனால் 130 வருடங்களாக ஆட்கள் இதற்குச் சொன்ன பதில்களை வரிசையாக வைத்தால், அது ஒரு வரலாறு.

இராணுவத்துக்கு ஒன்று, குறிக்கு ஒன்று

1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே பிஸ்டல் போட்டிகள் இருந்தன. அதில் 25 மீற்றர் போட்டி இராணுவப் பிஸ்டலுக்கு. 30 மீற்றர் போட்டி 'கட்டற்ற பிஸ்டலுக்கு', அதாவது இராணுவ வகையாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாத பிஸ்டலுக்கு. முதலாவதில் அமெரிக்கரான ஜோன் பெய்ன் வென்றார், இரண்டாவதில் அவருடைய சகோதரர் சம்னர் பெய்ன் வென்றார். எனக்குப் பிடித்த விசயம் வென்ற ஆட்கள் இல்லை, அந்தப் பிரிப்பு. இராணுவத்துக்கு நல்ல பிஸ்டலும் குறிக்கு நல்ல பிஸ்டலும் ஒன்று இல்லை என்பது அப்பவே ஒழுங்கு செய்தவர்களுக்கு விளங்கியிருக்கு.

ஆனால் எல்லாருக்கும் விளங்கவில்லை. 1912இல் ஸ்டொக்ஹோமில் 'நவீன ஐந்து விளையாட்டு' முதல் தடவையாக நடந்தது. சூடு, நீச்சல், வாள், குதிரை, ஓட்டம் என்று ஐந்தையும் அப்போது ஒரே ஆள் செய்ய வேண்டியிருந்தது. எதிரிப் பகுதிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு இராணுவ அதிகாரி தப்பி வருவதைக் கற்பனை செய்து அமைத்த போட்டி என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்கா அனுப்பிய ஆள் ஒரு இளம் லெப்டினன்ட். பெயர் ஜோர்ஜ் பற்றன். பிறகு இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற அதே ஜெனரல் பற்றன்தான்.

போட்டியாளர்களில் பெரும்பாலானவர்கள் 22 கலிபர் பிஸ்டல் எடுத்து வந்தார்கள். சின்ன ரவை, உதைப்புக் குறைவு, குறி நிற்கும். பற்றன் 38 கலிபர் ரிவோல்வரோடு வந்தார். இது இராணுவ விளையாட்டு என்றால் இராணுவச் சாமானால்தான் சுட வேண்டும் என்பது அவருடைய நியாயம். சில சூடுகள் அட்டையிலேயே இல்லை என்று நடுவர்கள் சொல்ல, அவை முதல் போட்ட ஓட்டைக்குள்ளாலேயே போய்விட்டன என்று அவர் தரப்பு சொன்னது. நடுவர்கள் ஏற்கவில்லை. சூட்டில் பின்தங்கியதால், மொத்தத்தில் 5ஆம் இடம். தங்கம் சுவீடனின் கோஸ்தா லில்லியஹூக்குக்கு.

பற்றன் ஒரு பிழையான பிஸ்டலை எடுத்தார் என்று இதைச் சும்மா கடந்து போகலாம். ஆனால் அவர் செய்தது ஒரு கருத்துத் தெரிவு. இந்தப் போட்டி போருக்கான பயிற்சி என்று அவர் நினைத்தார். 22 கலிபரோடு வந்த மற்றவர்களுக்கு அது ஏற்கனவே ஒரு போட்டி மட்டும்தான்.

பெரிசா இருந்தா ஏன் குறி தப்பாது?

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கு. ஆட்ஸ் பக்கல்ற்றிக்காரி கணக்குச் சொல்லுறாள் என்று பயப்பட வேண்டாம், லேசான கணக்குத்தான்.

பிஸ்டலின் மேலே இரண்டு குறிகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுள்ள பின்குறி, சுடுகுழலின் நுனிப் பக்கம் ஒரு முன்குறி. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைப்பதுதான் குறி பார்ப்பது. இரண்டுக்கும் இடைத்தூரம் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கோ. கை நடுங்கி முன்குறி 1 மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றரில் ரவை 25 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். இடைத்தூரத்தை 20 சென்ரிமீற்றர் ஆக்கினால், அதே 1 மில்லிமீற்றர் பிழைக்கு ரவை 12.5 சென்ரிமீற்றர்தான் தள்ளும். ஒலிம்பிக் 25 மீற்றர் நிதானச் சூட்டு அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்ரிமீற்றர். அதற்குள் விழ வேண்டுமென்றால் 20 சென்ரிமீற்றர் இடைத்தூரத்தில் முன்குறி ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றருக்கு மேல் விலகக் கூடாது. ஓரிரு தலைமயிர்த் தடிப்பு, அவ்வளவுதான். இலக்குச் சூட்டுக்காரர்கள் குட்டிப் பிஸ்டல்களைத் தொடாமல் முழு அளவுப் பிஸ்டலைத் தேடுவதன் முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் பாரம். பாரமான பிஸ்டல் கையில் மெதுவாகத்தான் அசையும், உதைப்பையும் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.

அளவு மட்டும் காணாது. 1911இல் அமெரிக்க இராணுவம் 45 கலிபர் கோல்ட் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. எம்1911 என்று அதற்குப் பெயர். 5 அங்குலச் சுடுகுழல், வெறுமையாகவே 1 கிலோவுக்கு மேல் பாரம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதில் இலக்குச் சூடு செய்தவர்களுக்குத் திருப்தி இல்லை, ஏனென்றால் அதன் பாகங்களுக்கு இடையில் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். சேறும் மண்ணும் புகுந்தாலும் இறுகி நிற்காமல் சுட வேண்டுமல்லவா? போர்க்களத்தில் உயிர் காக்கிற அந்தத் தளர்வுதான் இலக்கு அட்டையில் குறியைக் கெடுக்கும். சுடுகுழல் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அதே இடத்துக்கு வந்து இருக்காது.

அமெரிக்காவின் ஒஹையோவில் காம்ப் பெரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியச் சூட்டுப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே போனவர்களுக்காக, இராணுவத்தின் ஆயுதத் திருத்துநர்களே எம்1911ஐக் கழற்றி, பாகங்களைக் கையால் இறுக்கிப் பொருத்தி, சுடுகுழலை மாற்றி, விசையை மென்மையாக்கி ஒரு புதுப் பிஸ்டல் ஆக்கினார்கள். வெளியில் பார்க்க அதே துவக்கு. உள்ளே சேற்றுக்குத் தாங்காத, ஆனால் 50 யார் தூரத்தில் 10 புள்ளி வட்டத்துக்குள் ரவையைக் கொண்டுபோய் வைக்கிற சாமான். அந்தப் போட்டி முறையில் 22 கலிபரில் ஒரு சுற்று, விரும்பிய பெரிய கலிபரில் ஒரு சுற்று, 45 கலிபரில் ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் 90 சூடு, எல்லாம் ஒற்றைக் கையால். மொத்தம் 2700 புள்ளி. 1974இல் ஹேர்ஷல் அண்டர்சன் 2680 எடுத்தார்.

ஒற்றைக் கையால் என்பதைக் கவனியுங்கோ. இன்று எந்த இராணுவமும் பொலிசும் பிஸ்டலை இரண்டு கையால் பிடிக்கத்தான் பழக்கும். விளையாட்டு பழைய பிடியிலேயே நிற்கிறது. டிகெச்சின் மற்றக் கை பொக்கற்றுக்குள் போனதற்கும் காரணம் இதுதான். அந்தக் கைக்குப் போட்டியில் வேலை இல்லை. உடம்பு ஆடாமல் அதை எங்கேயாவது வைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தப் பிரிவு இன்னும் தூரம் போனது. 50 மீற்றர் கட்டற்ற பிஸ்டலைப் படத்தில் பார்த்தால் உங்களுக்குத் துவக்கு என்றே தோன்றாது. ஒரு தடவைக்கு ஒரு ரவை. சில பத்துக் கிராம் அழுத்தத்திலேயே விடுபடுகிற விசை. சுடுகிறவரின் கை அளவுக்குச் செதுக்கி, கையுறை மாதிரி விரல்களைச் சுற்றி மூடுகிற மரப்பிடி. வலக்கைக்காரரின் பிஸ்டலை இடக்கைக்காரர் பிடிக்கவே முடியாது. இடுப்பில் செருகவும் முடியாது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. நல்ல இலக்குப் பிஸ்டலாக ஆக ஆக, அது ஆயுதமாக உதவாமல் போகிறது. நான் வாசித்ததில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்த விசயம் இதுதான். அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இடது கை

இந்த வரலாற்றில் ஒரு மனிதரைத் தாண்டிப் போக முடியாது. ஹங்கேரி இராணுவத்தில் சாஜன்டாக இருந்த கரோலி டகாச். 1910இல் பிறந்தவர். 1936 பேர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் அளவுக்குச் சுடக்கூடியவர், ஆனால் போகவிடவில்லை. ஆணைபெற்ற அதிகாரிகள் மட்டும்தான் அணியில் சேரலாம் என்பது அப்போதைய ஒழுங்கு. அந்தத் தடை பிறகு நீங்கியது. 1938இல் இராணுவப் பயிற்சியில் ஒரு பழுதான கைக்குண்டு அவருடைய வலது கையில் வெடித்தது. அவர் சுடுகிற கை அது.

அவர் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1939இல் தேசியப் போட்டிக்கு வந்தபோது, பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்களாம். அந்தப் போட்டியை அவர் வென்றார். பிறகு 1940, 1944 இரண்டு ஒலிம்பிக்கையும் உலகப் போர் விழுங்கியது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கின் சூட்டுப் போட்டிகள் பிஸ்லி என்ற ஊரில் நடந்தன. 25 மீற்றர் விரைவுச் சூட்டுப் போட்டியில் 38 வயது டகாச் 580 புள்ளியோடு உலக சாதனை வைத்துத் தங்கம் எடுத்தார். 1952இல் ஹெல்சிங்கியில் திரும்பவும் தங்கம்.

இந்தக் கதையை ஊக்கப் பேச்சாளர்கள் 'மனம் இருந்தால் மார்க்கம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் வேறு ஒன்று உறுத்துகிறது. எங்கட ஊர்களில் ஒரு கையோட வாழுற ஆக்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். இடது கையால் எழுதப் பழகினவர்கள், மண்வெட்டி பிடிக்கப் பழகினவர்கள். ஒரு ஆயுதம் கையைப் பறித்த பிறகு, மற்றக் கையால் இன்னொரு ஆயுதத்தை எடுக்க வேண்டும் என்று டகாச் ஏன் நினைத்தார்? அவருக்கு அது ஆயுதமாகவே தெரியவில்லை என்பதுதான் பதிலாக இருக்க முடியும். கைக்குண்டு இராணுவத்தினுடையது, பிஸ்டல் அவருடையது.

ஆனால் அவர் சுட்ட இலக்கைப் பாருங்கோ. விரைவுச் சூட்டுப் போட்டியில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும், சில விநாடிகளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு வைக்க வேண்டும். அந்த இலக்குகள் அப்போது மனித உருவத்தில் வெட்டப்பட்டவை. 1980களின் கடைசியில்தான் அவை போய் வட்டங்கள் வந்தன. பிஸ்டல் விளையாட்டுச் சாமானாக மாறி எத்தனையோ காலத்துக்குப் பிறகும், அதன் முன்னால் நின்றது ஆள் உருவம்தான்.

டன்பிளேன்

1996 மார்ச் 13. ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்ற சிறிய ஊர். ஒரு ஆள் ஆரம்பப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்துக்குள் புகுந்து 16 சின்னப் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கொண்டுவந்த நான்கு கைத்துப்பாக்கிகளும் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தவை. அவன் சூட்டுக் கழகங்களில் சுட்டுப் பழகியவன். அவனுடைய துவக்குகள் நான் மேலே சொன்ன கையுறைப் பிடிக் கட்டற்ற பிஸ்டல்கள் இல்லை. 9 மில்லிமீற்றர் பிஸ்டல்களும் 357 கலிபர் ரிவோல்வர்களும். ஆனால் 'இலக்குச் சூடு' என்ற காரணத்தைச் சொல்லித்தான் அவற்றை வீட்டில் வைத்திருந்தான்.

அந்த மாதத்தில் அங்கே பூக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பூவின் பெயரில், ஸ்னோட்ரொப் என்ற இயக்கம் தொடங்கியது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபு முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. பாகங்களைக் கழற்றிச் சூட்டுக் கழகத்தில் பூட்டி வைப்பது போன்ற நடுவழிகளைத்தான் அவர் முன்வைத்தார். பாராளுமன்றம் அதைத் தாண்டிப் போனது. 1997இல் முதலில் ஜோன் மேஜர் அரசு 22 கலிபருக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. தேர்தலுக்குப் பிறகு வந்த ரொனி பிளேயர் அரசு 22 கலிபரையும் சேர்த்துத் தடை செய்தது. 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன.

சூட்டு விளையாட்டுக்காரர்கள் கொதித்தார்கள். நாங்கள் ஒருவரையும் சுடவில்லை, எங்கட பிஸ்டல் அட்டையில் ஓட்டை போடுற கருவி என்றார்கள். அதில் பொய் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சொன்னதிலும் பொய் இல்லை. அவனும் உங்களைப் போல ஒரு சூட்டுக்காரன் என்று சொல்லித்தானே அனுமதிப்பத்திரம் எடுத்தான்?

இந்த இடத்தில்தான் என் முதல் ஆறுதல் கலைந்தது. சிறந்த இலக்குப் பிஸ்டல் ஆயுதமாக உதவாது என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் வாங்குவது சிறந்ததை இல்லை, நடுவில் இருப்பதை. இராணுவமும் பொலிசும் வைத்திருக்கிற அதே முழு அளவுப் பிஸ்டல், கொஞ்சம் நல்ல குறி, கொஞ்சம் மென்மையான விசை. சூட்டுத்தளத்தில் அது கருவி, கதவைத் தாண்டினால் ஆயுதம். அதை வைத்திருக்கிறவரின் மனசுக்குள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க முடியாது. பெற்றோரின் பக்கம் நின்ற பாராளுமன்றத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஒரு விளையாட்டு இல்லாமல் போவதும் ஒரு வகுப்பறை இல்லாமல் போவதும் ஒரே தராசில் வைக்கிற விசயங்கள் இல்லை.

சட்டம் விட்டுவைத்த ஒரு ஓட்டையும் இருக்கு. சுடுகுழல் குறைந்தது 30 சென்ரிமீற்றரும் மொத்த நீளம் 60 சென்ரிமீற்றரும் இருந்தால் அது தடைக்குள் வராது. அதனால் பிடிக்குப் பின்னால் ஒரு கம்பியைப் பொருத்தி நீளமாக்கிய விசித்திரமான பிஸ்டல்கள் பிரித்தானியச் சூட்டுத்தளங்களில் வந்தன. பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்த அளவுக்குள் ஒரு அர்த்தம் இருக்கு. சட்டைக்குள் மறைக்க முடியாத அளவு அது. குறிக்காக ஆட்கள் தேடிய நீளத்தை, சட்டம் வேறு ஒரு காரணத்துக்காகத் தேடியது.

நூறு வருடம் கழித்து

தடைக்குப் பிறகு பிரித்தானிய பிஸ்டல் வீரர்கள் 25 மீற்றர், 50 மீற்றர் போட்டிகளுக்கு சுவிற்சர்லாந்து போன்ற வெளிநாடுகளில் போய்ப் பழகினார்கள். 2012இல் ஒலிம்பிக் இலண்டனுக்கு வந்தபோது, சொந்த நாட்டில் பழக ஒரு சிலருக்கு மட்டும் விசேட அனுமதி கொடுக்க வேண்டி வந்தது.

அதே 2012 இலண்டனில் இன்னொன்றும் நடந்தது. பற்றன் 38 கலிபரோடு நின்ற அந்த 'நவீன ஐந்து விளையாட்டு'க்குச் சரியாக 100 வயது. ஒலிம்பிக்கில் முதல் தடவையாக அதில் லேசர் பிஸ்டல் பாவித்தார்கள். ரவை இல்லை, வெறும் ஒளி. 2016 ரியோவுக்குப் பிறகு 50 மீற்றர் கட்டற்ற பிஸ்டல் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கொரியாவின் ஜின் ஜொங்-ஓ 2008, 2012, 2016 என்று மூன்று தடவை தொடர்ந்து வென்ற போட்டி அது. 1988இல் ஒலிம்பிக்குக்குள் வந்த 10 மீற்றர் எயார் பிஸ்டல்தான் இன்று இந்த விளையாட்டின் முகம். காற்றழுத்தத்தில் சின்ன ஈயத் துண்டைத் தள்ளுகிற சாமான். விசைக்குக் குறைந்தது 500 கிராம், மொத்தப் பாரம் கூடினது 1500 கிராம் என்று எல்லாவற்றுக்கும் விதி. மனு பாக்கர் பரிஸில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம் எடுத்ததும் இதில்தான்.

ஆக, ரவை சின்னதாகி, பிறகு ஈயத் துண்டாகி, ஒரு போட்டியில் ஒளியாகவும் ஆகிவிட்டது. ஆள் உருவம் வட்டம் ஆகிவிட்டது. இவ்வளவும் பிஸ்டல் தானாக மாறி வந்தவை இல்லை. ஆட்கள் ஒவ்வொரு விதியாக, சிலது விருப்பத்தோடு, சிலது டன்பிளேனுக்குப் பிறகு வந்ததைப் போலக் கட்டாயத்தோடு, அதை ஆயுதத்திலிருந்து தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்தைப் பிஸ்டல் தன்பாட்டில் காப்பாற்றாது. விதி தளர்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இதை எழுதி முடித்த அன்று டிகெச்சின் படத்தை அம்மாவிடம் திரும்பவும் காட்டினேன். இது எயார் பிஸ்டல், ஈயத் துண்டுதான் போகும், ஆளைக் கொல்லுறதுக்குச் செய்த சாமான் இல்லை என்று விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தா.

"மற்றக் கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா.

பொக்கற்றுக்குள் இருக்கு, ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னேன். "அப்ப சரி" என்று போனைத் திருப்பித் தந்தா.